காளை இல்லாத இடம்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் ரிஷபவாகன தேவர் முன்னால் கொஞ்ச நேரமாவது நின்றுவிடுவார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள செப்புத்திருமேனி அது. சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக் கட்டி, அதில் பாம்புகள் நெளிய, ஒரு காலை மறுகாலின் குறுக்கே மாற்றி வைத்து, ஒரு கையை எதன்மீதோ சாய்த்தபடி சிவன் நிற்கிறார். அந்த 'எதன்மீதோ' இப்போது இல்லை. 1011இல், ராஜராஜன் ஆட்சிக் காலத்தில், திருவெண்காட்டுக் கோயிலுக்காக வார்க்கப்பட்ட திருமேனி. மறு ஆண்டு, 1012இல், தேவியை வார்த்து அருகே நிறுத்தினார்கள். பிறகு எப்போதோ இருவரும் மண்ணுக்குள் போனார்கள். 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் புதையலாக வெளிப்பட்டபோது காளை உடன் வரவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் காளையின் மேல் வைத்த கை, இன்று காற்றின் மேல் இருக்கிறது.

இந்தத் திருமேனியைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? மரத்தில் ஒரு காளை செய்து பக்கத்தில் நிறுத்தலாம். பின்சுவரில் மெல்லிய கோட்டில் காளையை வரைந்து காட்டலாம். 'காளை கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். எதுவுமே சொல்லாமல், பார்ப்பவரே கண்டுபிடிக்கட்டும் என்றும் விடலாம். எதைச் செய்தாலும் பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும் சிவன் மாறிவிடுவார். கண்காட்சி அமைப்பதென்றால் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகளை எடுப்பதுதான். நம் அரசு அருங்காட்சியகங்களில் அந்த முடிவுகளை எடுப்பவருக்குக் காப்பாட்சியர் என்று பெயர். காப்பது ஒரு வேலை, காட்டுவது இன்னொரு வேலை. பொருளுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமென்றால் இருட்டறையில் பூட்டி வைப்பதே நல்லது. நான்கு பேர் பார்த்துப் பயன்பெற வேண்டுமென்றால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒருவரே சுமக்கிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது நல்ல பொருள்களாகப் பொறுக்கியெடுத்து அழகாக அடுக்கும் வேலையாகத் தெரிகிறது. ஓவியக் கண்காட்சிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஓவியத்தை வரைந்தவரே அது சுவரில் தொங்கும் என்று எண்ணித்தான் வரைந்திருப்பார். காப்பாட்சியர் ஒரு சுவரை மாற்றி இன்னொரு சுவரைத் தருகிறார், அவ்வளவுதான். சோழர் காலச் செப்புத்திருமேனியின் கதை வேறு. அது நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, உலா போவதற்காகச் செய்யப்பட்டது. மூலவர் கருவறையை விட்டு நகர மாட்டார். வெளியே வர முடியாதவர்களையும் பார்க்கத் தெருவுக்கு வருபவர் உற்சவர். பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருப்பது அதற்காகத்தான்: தண்டில் பிணைத்துத் தோளில் தூக்கிச் செல்ல. விழா நாளில் பட்டும் நகையும் மாலையும் சாத்தியபின் முகமும் கைகளும் தவிர வேறொன்றும் தெரியாது. இடையின் வளைவும் தோளின் இறக்கமும் பற்றி இன்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறோம். கும்பிட வந்த பெரும்பாலோர் அவற்றைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் வார்த்த கொல்லரும், நீராட்டி அலங்கரித்த குருக்களும்தான்.

ஆக, அருங்காட்சியகத்துக்கு வந்த செப்புத்திருமேனியிடம் இல்லாதவை காளை மட்டுமல்ல. துணி இல்லை, பூ இல்லை, தீபம் இல்லை, நாகசுரம் இல்லை, அசைவு இல்லை. இத்தனை இல்லாமைகளுக்கு நடுவில் அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் காப்பாட்சியரின் உண்மையான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்று புரியும்.

உயரத்திலிருந்து தொடங்கலாம். ஓவியம் மாட்டுபவர்கள் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். நிற்பவரின் கண்மட்டம் அது. உற்சவர் வருவதோ ஆட்களின் தோளுக்கு மேல், வாகனத்தின் மேல். அவரை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம். சிலையைக் கண்மட்டத்தில் வைத்தால் விரல் நுனியும் கழுத்தணியின் வேலைப்பாடும் தெளிவாகத் தெரியும்; ஆனால் அந்த முகம் யாரைக் குனிந்து பார்த்து அருள்வதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த உறவு போய்விடும். உயர்த்தி வைத்தால் உறவு கிடைக்கும், வேலைப்பாடு எட்டிப்போகும். சக்கர நாற்காலியில் வருபவரையும் குழந்தையையும் நினைத்தால் கணக்கு மறுபடியும் மாறும். இதற்குச் சரியான எண் என்று ஒன்று கிடையாது. ஒரு பெரிய திருமேனியையாவது உயரத்தில் வைத்து, மற்றவற்றைக் கண்மட்டத்துக்கு இறக்கினால் இரண்டு அனுபவமும் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

வெளிச்சம் அதைவிடக் கடினமானது. எண்ணெய் விளக்கு கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து, அசைந்துகொண்டே ஒளி தரும். தீபாராதனையின்போது சுடர் ஏறி இறங்கும்போது முகம் சிரிப்பது போலவும் சிந்திப்பது போலவும் மாறி மாறித் தெரிவதைக் கோயிலில் யார்தான் பார்க்கவில்லை? அருங்காட்சியகத்தின் மின்விளக்கு கூரையிலிருந்து நேராக விழுகிறது. கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து, அழகான முகமும் கடுகடுவென்று ஆகிவிடும். கீழிருந்து மெல்லிய இரண்டாவது ஒளி ஒன்று கொடுத்தாலே போதும், அந்த முகம் திரும்பி வரும். உலோகம் ஒளியால் வெளிறாது என்பதால் இதில் காப்பாட்சியருக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. ஆனால் அதே கூடத்தில் ஒரு பழைய துணியோ காகிதத்தில் வரைந்த ஓவியமோ வந்துவிட்டால் ஒளியின் அளவு 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்ற வரையறையும் கூடவே வரும். தைல ஓவியத்துக்கு ஏறத்தாழ 200 லக்ஸ் வரை போகலாம். பிரகாசமான அறையிலிருந்து மங்கலான அறைக்குள் நுழைபவரின் கண் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதையும் நடைபாதையை வகுக்கும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது பின்பக்கம். சுவரை ஒட்டிய பேழையில் வைப்பது இடத்துக்கும் பாதுகாப்புக்கும் வசதி. ஆனால் ரிஷபவாகனரின் பின்பக்கத்தை மறைப்பது பெரிய இழப்பு. சடையைச் சுற்றி முடிந்திருக்கும் விதமும், முதுகுத்தண்டின் மெல்லிய பள்ளமும் முன்பக்கத்துக்குக் கொஞ்சமும் குறைந்தவையல்ல. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் கொல்லர் அங்கே கை சோரவில்லை. அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவருக்கு நாம் செய்யக்கூடியது, நான்கு புறமும் நடக்க இடம் விட்டு வைப்பதுதான்.

கூட்டமாக உள்ள திருமேனிகளில் இடைவெளியே பேசும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள வடக்குப்பனையூர் இராமர் தொகுதியில் இராமர், சீதை, இலக்குவன், அனுமன் என நால்வர். பணிந்து நிற்கும் அனுமனை இராமரிடமிருந்து ஓர் அடி தள்ளி வைப்பதற்கும் நான்கு அடி தள்ளி வைப்பதற்கும் நடுவே ஒரு முழுக் கதை மாறிவிடும். ஒவ்வொருவரையும் தனித்தனிப் பேழையில் வைத்து 'இராமர்', 'அனுமன்' என்று எழுதிவிட்டால் அங்கே நான்கு சிலைகள் இருக்கும், உரையாடல் இருக்காது.

பெயர்ப்பலகையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மிகவும் கவனிக்காமல் விடப்படுவது அதுதான். பெரும்பாலும் நாம் பார்ப்பது இப்படி இருக்கும்: 'ரிஷபவாகன தேவர். செம்பு. சோழர் காலம், 11ஆம் நூற்றாண்டு. திருவெண்காடு, நாகப்பட்டினம் மாவட்டம்.' திருவெண்காடு இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். மற்றபடி சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படித்தவர் திரும்ப நிமிர்ந்து சிலையைப் பார்க்க இதில் ஒரு காரணமும் இல்லை. பெரிய அருங்காட்சியகங்கள் பல, ஒரு பொருளுக்கு 60 முதல் 75 சொற்கள் என்று அளவு வைத்திருக்கின்றன. அதற்குள் நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'இந்தக் கை ஒரு காளையின் மேல் சாய்ந்திருந்தது. காளை கிடைக்கவில்லை. 1011இல் இவரைத் திருவெண்காட்டில் எழுந்தருளச் செய்தார்கள்; மறு ஆண்டு தேவி வந்தார். விழா நாளில் பட்டும் பூவும் நகையும் சாத்தி வீதியுலா வந்தவர் இவர். அன்று முகமும் கைகளும் மட்டும் தெரிந்திருக்கும். பின்பக்கம் போய்ச் சடைமுடிச்சைப் பாருங்கள்.'

நாற்பது சொற்களுக்குள் அடங்கிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி முடித்தபின் அதைத் தமிழில் பெயர்த்து ஒட்டும் வழக்கத்தை விட்டாக வேண்டும். ஆங்கிலம் படிக்கும் வெளிநாட்டுப் பயணிக்கு உற்சவர் யார் என்று விளக்க வேண்டும். தமிழ் படிக்கும் மயிலாடுதுறைக்காரருக்கு அது தேவையில்லை. அவருக்குத் தேவை, தான் அறிந்த கோயிலுக்கும் இந்தக் கண்ணாடிப் பேழைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது. இரண்டு வாசகர்கள், ஆகவே இரண்டு பலகைகள். ஒன்றின் நிழலாக மற்றொன்று இருக்கக் கூடாது.

தரவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளை, கை எத்தனை, உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், சாத்திய நகை எத்தனை கழஞ்சு எத்தனை மஞ்சாடி என்று அளந்து குறித்திருக்கின்றன. எந்த அருங்காட்சியகப் பதிவேட்டுக்கும் இளைக்காத பதிவு அது. 'செப்புத்திருமேனி' என்ற சொல்லே அந்தக் கல்வெட்டுகளில் வருகிறது. அந்த வரிகளில் சிலவற்றைச் சுவரில் பெரிதாக எழுதி, பக்கத்தில் நகையில்லாத ஒரு திருமேனியை நிறுத்தினால், இல்லாத நகையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உடுத்திக் காட்டலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் முயன்று பார்க்கப்பட்டது. 1996இல் வாஷிங்டனில் உள்ள ஆர்தர் சாக்லர் காட்சியகத்தில் கலை வரலாற்றாளர் வித்யா தெஹேஜியா பூசையை மையமாக வைத்து ஒரு கண்காட்சி அமைத்தார். பொருள்களைக் கலைப்பொருளாக மட்டும் நிறுத்தாமல், கோயில் சன்னிதி, வீட்டுப் பூசையிடம் என அவை வாழ்ந்த இடங்களின் சாயலில் வைத்தார். 2002இல் அதே இடத்தில் சோழர் செப்புத்திருமேனிகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சியையும் அவர் நடத்தினார். அடுத்து 2006இல் லண்டன் ராயல் அகாடமியிலும் சோழர் திருமேனிகள் வந்தன. எல்லாத் திருமேனிகளுக்கும் பட்டு சாத்தினால் சிற்பம் மறையும். ஒன்றுக்குமே சாத்தாவிட்டால் வழிபாடு மறையும். கூடத்தில் ஒன்றை மட்டும் முழு அலங்காரத்துடன் நிறுத்தி, மற்றவற்றை அப்படியே விடுவது நல்ல வழி. முதலில் அதைப் பார்த்தவர் அடுத்த சிலைகளுக்கெல்லாம் தானே மனத்தில் பட்டு சாத்திக்கொள்வார்.

காட்டும் விதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய சான்று. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படமெடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்தப் படங்களை மட்டும் பார்த்து, சிலையை ஒருமுறைகூட நேரில் காணாமல், சிற்பி ரோதான் அதைப் பற்றி எழுதினார். அவர் 1917இல் இறந்தார். கட்டுரை 1921இல் வெளியானது. ஐரோப்பா நடராசரை ஒரு பெரும் சிற்பமாகப் பார்க்கத் தொடங்கியதில் அதற்கும் பங்குண்டு. ஒரு புகைப்படக்காரர் எங்கே நின்று, எந்த ஒளியில், எந்தக் கையை நெருங்கி எடுத்தார் என்பது ஒரு கண்டத்தின் பார்வையைத் தொட்டிருக்கிறது.

காப்பதிலும் இதே அளவு கவனம் வேண்டும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த செம்பில் உப்பு ஏறியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை உள்ளிருந்து தின்னும். வெண்கல நோய் என்று சொல்வார்கள். அந்நோய் கண்ட சிலை இருக்கும் பேழையில் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னையின் கடற்காற்றில் அது எளிதா? 1930களிலேயே சென்னை அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் வேதியியல் முறையில் செப்புத்திருமேனிகளைச் சுத்தம் செய்யும் ஆய்வகத்தை நடத்தினார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அதே வளாகத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆந்திரத்து அமராவதியின் கற்சிற்பப் பலகைகளை, எல்லோரும் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, சுவரிலேயே சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறின. காட்டிய விதமே கல்லுக்குக் கேடாயிற்று.

ஊர் விட்டு ஊர் போகும் கண்காட்சி என்றால் இன்னொரு மலை நிறைய வேலை. பொருளைக் கடனாகக் கேட்டு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடக்கும். கேட்கும் இடத்தின் காற்று, காவல், தீத்தடுப்பு எப்படி என்று கடன் கொடுப்பவர் அறிக்கை கேட்பார். புறப்படும் முன் ஒவ்வொரு கீறலையும் குறித்து நிலை அறிக்கை எழுதுவார்கள். போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஒப்பிடுவார்கள். காப்பீடு சுவரின் ஆணியிலிருந்து இறங்கியது முதல் திரும்ப அதே ஆணியில் ஏறும் வரை. பெட்டி போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்க மாட்டார்கள்; புதிய அறையின் காற்றுக்குப் பழகட்டும் என்று ஒரு நாள் மூடியபடியே விடுவார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ அல்லாமல் யாரும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இத்தனையையும் மீறி விபத்து நடக்கும். பாட்னா அருகே 1917இல் கங்கைக் கரையில் கிடைத்த திதர்கஞ்ச் யட்சி என்ற கற்சிலை, 1980களில் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவுக்குப் போய், கன்னத்தில் சிறு சேதத்துடன் திரும்பியது. அதற்குப் பிறகு அவளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வேலையின் கடினமான இடம். பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து 2006இல் திருடப்பட்ட நடராசரை, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வணிகரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கூட வந்த உரிமைப் பத்திரங்கள் பொய்யானவை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. கான்பெராவில் இருந்த காலத்தில் அந்த நடராசரின் உயரத்தையும் ஒளியையும் பெயர்ப்பலகையையும் யாரோ அக்கறையோடுதான் அமைத்திருப்பார்கள். அக்கறை போதவில்லை. எந்த ஊர்த் தெருவில் இவரை எதிர்பார்த்து நின்றார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைப் புகைப்படமெடுத்துச் சேர்த்துவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஆக்ஸ்போர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரின் திருமேனி, கும்பகோணம் அருகே சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த அந்நிறுவனப் படம் ஒன்றில் இருப்பதுதான் என்று தெரியவந்தது. திருப்பித் தருவதற்கு 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புதல் அளித்தது. சிலை எந்த வழியில் வந்தது என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதும் வழக்கம் மெல்லப் பரவுகிறது. எந்த ஆண்டில், யாரிடமிருந்து, எவ்வளவுக்கு என்பதும் கலை வரலாறுதான்.

திரும்பி வந்தவை எல்லாம் தத்தம் கோயிலுக்குப் போய்விடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு இல்லாத சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களில் பூட்டப்பட்டு இருக்கின்றன. அங்கே அலங்காரமும் இல்லை, உலாவும் இல்லை, பார்வையாளரும் இல்லை. கோயிலில் வைக்க முடியாதவரை, ஊர்க்காரர்கள் வந்து பார்க்கக்கூடிய ஒரு கூடமாவது வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தமிழ்த் தந்தைக்கு மகனாகக் கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்று, 1947இல் இறக்கும் வரை அங்கேயே பணிபுரிந்தார். கலைப்பொருள்களை எதற்குத்தான் காட்சிக்கு வைக்கிறோம் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். கண்ணுக்கு விருந்தாக மட்டும் வைத்தால் அது ஒரு பொருளைப் பற்றிய அறிவாகாது. அது எதற்காகச் செய்யப்பட்டது, யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பார்ப்பவர் புரிந்துகொள்ளச் செய்வதே அருங்காட்சியகத்தின் வேலை என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகள் ஒரு சேகரத்தைக் கையில் வைத்திருந்தவர் தன் வேலையின் அடிப்படையையே கேள்வி கேட்டதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

ஒருமுறை ஓர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்தேன். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடராசர் முன்னால் வந்து கைகூப்பினார். பிறகு பலகையைப் பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தான், அவர் கேட்டார். பேழை கூடத்தின் நடுவில் இருந்தது. இருவரும் அதை வலம் வந்தார்கள். பின்பக்கம் போனதும் அந்த அம்மா நின்று, பறக்கும் சடைகளின் பின்புறத்தைப் பேரனுக்குக் காட்டினார். பேழை சுவரோடு ஒட்டியிருந்தால் முன்னால் கும்பிட்டுவிட்டு அப்படியே நகர்ந்திருப்பார்கள்.